பொடக்காளி வழி

என் அண்ணி அன்புக்கரசியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் வாயில் சர்க்கரை போட்டிருக்க மாட்டேன். மிளகாய்ப் பொடியைத்தான் போட்டிருப்பேன். எனக்கும் அவளுக்கும் ஆகாது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகிவிட்டால் அப்புறம் தெருவில் பேச என்ன இருக்கிறது? கல்யாணப் பந்தியில் மணப்பெண் என்றால் தலையைக் குனிந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். இவள் நிமிர்ந்து பார்த்து, "ரசத்துக்கு உப்புப் பத்தலைங்க" என்றாள். ரசம் வைத்தது என் அம்மா.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறேன். என் அண்ணன் சென்னகேசவனும் இவளும் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், எங்கள் சொந்த ஊர்க் காலனியில் இருக்கிறார்கள். அண்ணன் தேங்காய் லோடு டெம்போ ஓட்டுகிறான். வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டுக்கு வேண்டிய மொத்த வாயையும் இவளே சேர்த்து வைத்திருக்கிறாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நஞ்சுண்டன் என்பவரின் தென்னந்தோட்டத்தில் அவளுக்கு மாட்டு வேலை. சாணி அள்ளுவது, கறப்பது, தீவனம் வைப்பது, ஈத்துப் பார்ப்பது எல்லாம் அவள்தான். அவரை நாங்கள் பண்ணாடி என்போம். நிலத்துக்காரர்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

தோட்டத்துக்கு நடுவில் அவர்கள் குடியிருக்கும் வீட்டைச் சாளை என்பார்கள். சாளைக்கு முன்னால் ஆளுயர இரும்பு கேட். பின்னால் புழக்கடை, எங்கள் பேச்சில் பொடக்காளி. அங்கேதான் மாடு கட்டுகிற கட்டுத்தரையும் சாணிக்குழியும் மோட்டார் ரூமும். ரோட்டிலிருந்து கேட்டுக்கு நேராக நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் எங்கள் ஆட்கள் அப்படிப் போகக்கூடாது. வேலியைச் சுற்றி, வாய்க்காலைத் தாண்டி, பின்வேலியில் இருக்கும் சந்து வழியாகப் பொடக்காளிக்குப் போக வேண்டும். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. போர்டு வைத்தால் கேஸாகும் என்பது அவர்களுக்கும் தெரியும். எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிய வைத்திருப்பதுதான் சாமர்த்தியம்.

அண்ணியும் அந்த வழியாகத்தான் போனாள், வந்தாள். அதற்காக அடங்கிப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் அவளுக்கு டீ கட்டுத்தரையிலேயே கிடைக்கும். கூரைச் சந்தில் செருகியிருக்கும் தகர டம்ளரை அவளே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். பண்ணாடியின் மனைவி தெய்வாத்தாள் எட்டி நின்று ஊற்றுவார். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இவள் சந்தைக்குப் போய் ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கி வந்தாள். அரை லிட்டர் பிடிக்கும்.

"இதென்ன புள்ள, அண்டாவத் தூக்கிட்டு வந்திருக்கறே?" என்று கேட்டிருக்கிறார் தெய்வாத்தாள்.

"உங்க டம்ளரத் தொடறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்கம்மா. என்ற சொம்புலயே ஊத்துங்க."

அவ்வளவு பெரிய சொம்பில் அடியில் மட்டும் டீ கிடந்தால் ஊற்றியவருக்குத்தானே அசிங்கம்? அன்றிலிருந்து முக்கால் சொம்பு. இதை அவள் எங்களுக்குச் சொல்லிச் சிரித்தபோது என் அம்மாவே ரசத்தை மன்னித்துவிட்டாள்.

இப்படியே போயிருக்கும். திருட்டுப் பயம் வந்துதான் எல்லாம் மாறியது.

பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தனிச்சாளைகளில் வயசானவர்கள் மட்டும் இருப்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்து அடித்துப்போட்டு நகையைப் பிடுங்கிக்கொண்டு போகிற கும்பல்கள் பற்றி அப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு. பண்ணாடியின் பிள்ளைகள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். சாளையில் கிழவனும் கிழவியும்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. கேட்டை உயர்த்திப் பூட்டுப் போட்டார். சரி. விளக்குப் போட்டார். அதுவும் சரி. அதற்கு மேல் யார் கொடுத்த ரோசனையோ, மோட்டார் ரூமிலிருந்து கரண்டை இழுத்து, பின்வேலிச் சந்தில் முழங்கால் உயரத்துக்குத் தோலில்லாத கம்பி ஒன்றைக் கட்டினார். பொழுது இறங்கி அண்ணி வீட்டுக்குப் போனதும் சுவிட்சைப் போடுவார். காலையில் அவள் வருவதற்குள் அணைத்துவிடுவார். வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் திருடனுக்கும் தெரிந்துவிடுமாம்.

அவர் மூளை போன வழியைப் பாருங்கள். அந்தச் சந்து வழியாக அவருடைய ஒறம்பரை, சொந்தபந்தம் வருமா? பால்காரர், தபால்காரர், பேங்க்காரர் வருவார்களா? எல்லோருக்கும் முன் கேட். அந்த வழியில் நடக்கச் சொல்லி வைத்திருந்தது எங்களை மட்டும்தான். மனுசர் நடமாடுகிற வழியாக அது அவர் கணக்கிலேயே இல்லை. திருடன் வருகிற வழி, அவ்வளவுதான்.

அண்ணி வளர்த்த கெடேரிக் கன்று ஒன்று பெரிதாகித் தலையீத்துக்கு, முதல் கன்று போட, நின்றது. தலையீத்து என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முந்தின நாள் கிளம்பும்போதே தெய்வாத்தாளிடம், "கெடேரி மடி விட்டிருச்சுங்கம்மா. நாளைக்குக் கொஞ்சம் வெள்ளென வாரனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவரும் "செரி புள்ள, வந்துரு" என்று தலையாட்டினார். அதைப் பண்ணாடியிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் விடியக்கருக்கலில் அண்ணி வாய்க்காலைத் தாண்டி வழக்கம்போலக் குனிந்து சந்துக்குள் வலது கையை நீட்டினாள். கம்பி அவளைத் தூக்கி வாய்க்காலுக்கே எறிந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த பண்ணாடி அவளைத் தன் காரிலேயே போட்டுக்கொண்டு போனார். அதை நான் மறைக்க மாட்டேன். அந்தக் கார் இல்லாவிட்டால் அண்ணி இல்லை. பின்சீட்டில் சாக்கு விரித்து அதன்மேல் படுக்க வைத்தார், அதையும் மறைக்க மாட்டேன். கார் முன் கேட் வழியாகத்தான் வெளியே போனது. நினைவில்லாமல் கிடந்தால் தீட்டு ஒட்டாதாட்டம் இருக்கிறது.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி வாசலில் என் அண்ணனைப் பிடித்து, "மோட்டார் ரூம்ல வழுக்கி விழுந்து ஒயரப் புடிச்சுட்டான்னு சொல்லிப்போடு" என்று சொல்லிவிட்டார். அண்ணனும் மண்டையை ஆட்டிவிட்டு அப்படியே சொன்னான். ஆனால் டாக்டர் அண்ணியின் கையில் கம்பி பதிந்த தடத்தைப் பார்த்தார், போலீசுக்குத் தகவல் போனது. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அண்ணிக்கு நினைவு வந்து போலீஸ் வந்து கேட்டபோது, அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"வேலியில கரண்டுங்க. வேலைக்குப் போனனுங்க, அடிச்சுப்போட்டுது" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. பண்ணாடியும் ஒரு புகார் கொடுத்திருக்கிறார். தோப்பில் கொஞ்ச காலமாகத் தேங்காய் திருட்டுப் போகிறதாம். வேலைக்காரர்கள் எல்லோரும் தினமும் முன் கேட் வழியாகத்தான் வருவார்களாம். இந்த அன்புக்கரசி மட்டும் இருட்டோடு பின்வேலியில் நுழைந்தாளாம். நல்ல எண்ணத்தில் வருகிறவள் ஏன் அந்த வழியில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அட கெரகமே! இத்தனை வருடம் முன்னால் வராதே, பின்னால் வா என்றார்கள். பின்னால் வந்தவளை இப்போது திருடி என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஊரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி கையைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பியதில்லை. அந்தப் புகாரைக் கேட்ட அன்றுதான் சோறு இறங்கவில்லை. தோட்டங்களில் வேலை செய்து பிழைக்கிற பொம்பளையைத் திருடி என்று ஒரு தடவை எழுதிவிட்டால் தீர்ந்தது. கட்டுத்தரையில் தனியாக விட மாட்டார்கள். பிண்ணாக்கு மூட்டை குறைந்தாலும் அவள், கோழி காணாமல் போனாலும் அவள். அவளுக்கு இருந்தது கைசுத்தமானவள் என்கிற பேர் ஒன்றுதான். சொம்பை நீட்டுகிற தைரியமே அதில்தான் வந்தது.

சமாதானம் பேச பண்ணாடியின் பங்காளி பாலகோபால் வந்தார். கூட இன்னொருவர். எங்கள் காலனி முக்கில் பைக்கை நிறுத்தினார்கள். நான் வேண்டுமென்றே இரண்டு பிளாஸ்டிக் சேரை எடுத்துப்போய்ப் போட்டேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"இங்க பாரு புள்ள. வழுக்கி விழுந்தேன்னு மாத்திச் சொல்லிப்போடு. நாங்களும் திருட்டுப் புகார வாபஸ் வாங்கிக்கறோம். ஆஸ்பத்திரிச் செலவும் எங்களுது. ரெண்டு பக்கமும் செரியாப் போயிரும்."

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறன், சொல்லுங்க" என்றாள் அண்ணி. "நான் திருடியா, இல்லீங்களா?"

"அதெதுக்கு இப்ப?"

"திருடின்னா வாபஸ் வாங்காதீங்க, கேஸ நடத்துங்க. திருடி இல்லீன்னா, பொய்யாக் குடுத்தோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. வாபஸ்னா என்னங்க அர்த்தம்? திருடிதான், பாவம்னு உட்டுட்டோம்னு ஆயிருமில்லீங்களா?"

என் அண்ணன் குறுக்கே வந்தான். "சும்மா இரு. பண்ணாடிங்களோட மல்லுக்கட்டி நாம பொளைக்க முடியுமா?"

"மல்லுக்கட்டாம இருந்து என்னத்தப் பொளச்சுட்டோம்?" அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "வெரலுதான் போச்சு. பேரும் போகோணுமா? உனக்குப் பயமா இருந்தா டெம்போவ எடுத்துட்டு எங்கியாச்சும் போய் நாலு நாள் கழிச்சு வா. நான் இங்கதான் இருப்பேன்."

இந்தச் சமயத்தில் நான் நாத்தனார் லட்சணத்தைக் காட்டாமல் விடுவேனா? "அண்ணா, போறதுன்னா உன்ற சோத்துப் போசிய எடுத்துட்டு நீ மட்டும் போ. நான் அண்ணி கூடத்தான் இருக்கப் போறேன்" என்றேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணத்திலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பைக் கிளம்பிப் போய்விட்டது. அண்ணன் எங்கேயும் போகவில்லை.

இரண்டு புகாரையும் விசாரிக்க எஸ்.ஐ. பிரவீனா வந்தார். சின்ன வயசு, குரல் எழுப்பாமல் பேசுகிறவர். சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஜீப் நேராக முன் கேட்டில் போய் நின்றது. உள்ளே பண்ணாடி, தெய்வாத்தாள், பாலகோபால், இன்னும் ஏழெட்டு ஒறம்பரைகள். விசாரணை என்றதும் ஆதரவுக்கு வந்தவர்கள்.

அண்ணி ஜீப்பிலிருந்து இறங்கி கேட்டுக்குள் காலை வைத்தாள். கேட்டை ஒட்டி வருடக்கணக்காகக் கட்டிக் கிடக்கும் நாய், கன்றுக்குட்டி உயரம், சங்கிலியை அறுத்துக்கொண்டு வருவதுபோல அவளைப் பார்த்துப் பாய்ந்து குரைத்தது. எஸ்.ஐ.யை விட்டுவிட்டது, கான்ஸ்டபிளை விட்டுவிட்டது, அண்ணியைத்தான். இத்தனை நாள் ஆகியும் அவள் மேல் அந்தக் கட்டுத்தரை மாட்டு வாசனை போகவில்லையோ என்னவோ, ஆனால் தெரியாத ஆள். அதற்கு அதுதான் புரியவில்லை போலிருக்கிறது.

எஸ்.ஐ. நாயைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு தெய்வாத்தாள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இவங்க தினமும் இந்த கேட் வழியாத்தான் வருவாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கார். தினமும் பாக்கற ஆளை நாய் இப்படிக் குரைக்குமா?"

தெய்வாத்தாளுக்குச் சுருக்கென்றுவிட்டது. அத்தனை ஒறம்பரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காலனிப் பொம்பளையைத் தினமும் முன்வாசல் வழியாக விடுகிற வீடு என்றா பேர் வாங்குவது?

"இந்த வழியாவா? இவளா?" என்றார். "என்னங்க நீங்க, எங்கூட்ட என்னன்னு நெனச்சீங்க? எங்க மாமியார் காலத்துலருந்து ஒரு நாளாச்சும் அவங்க ஆளுக இந்த கேட்டத் தாண்டியிருப்பாங்களா, நீங்களே கேட்டுப் பாருங்க. பொடக்காளி வழியாத்தான் வரோணும், பொடக்காளி வழியாத்தான் போகோணும். அன்னைக்கும் வெள்ளென வாரேன்னு சொல்லிட்டு அப்படித்தான் வந்தா. நாங்க முறை தப்பாத குடும்பமுங்க!"

"ஏய், வாய மூடு!" என்று பண்ணாடி கத்தினார். அதற்குள் எல்லாம் வந்து விழுந்துவிட்டது. கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன், சிரிப்பு அடங்காமல் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை. தெய்வாத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பண்ணாடி விடவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எஸ்.ஐ. முன்னால் வந்தார். "என்ற தோட்டம், என்ற வேலி, என்ற ஊடு. திருடன் வந்து எங்க ரெண்டு பேரையும் வெட்டிப்போட்டுப் போனா நீங்க மாலை போட வருவீங்க. என்ற உசுர நான் காப்பாத்திக்கறது தப்புங்களா?"

"தப்பில்லைங்க ஐயா" என்றார் எஸ்.ஐ. "திருடன் உள்ள வந்து உங்க மேல கை வெக்கறான், உங்க உசுருக்கு ஆபத்துன்னா நீங்க அடிக்கலாம், அது தற்காப்பு. நீங்க உள்ள தூங்கறீங்க, வெளிய ஒரு கம்பி யாரையோ கொல்லுதுன்னா அது தற்காப்பு இல்ல. அந்தக் கம்பிக்குத் திருடன் யாரு, மாடு கறக்க வந்தவங்க யாருன்னு தெரியுமா? ஆள் செத்துப் போகும்னு தெரிஞ்சே வெச்சிருக்கீங்க. இவங்க எடத்துல நெசமாவே ஒரு திருடன் அடிபட்டிருந்தாலும் உங்க மேல இதே கேஸ்தான். விவசாயத்துக்குக் குடுத்த கரண்ட வேலியில விட்டதுக்கு மின்வாரியத்துலருந்து தனியா வரும்."

"திருடனுக்குமா?" என்றார் பண்ணாடி.

"திருடனுக்குந்தாங்க. அவனப் புடிக்கறது எங்க வேலை, தண்டனை குடுக்கறது கோர்ட் வேலை."

பண்ணாடியை ஜீப்பில் ஏற்றினார்கள். தெய்வாத்தாள் பெருமையாகச் சொன்ன அந்த 'முறை'யைத் தீண்டாமைக் குற்றம் என்று சொல்லத் தனியாக ஒரு சட்டம் இருப்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதற்காகப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அண்ணியின் மேல் இருந்த திருட்டுப் புகாரை, பொய்ப் புகார் என்று முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அவள் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்று என்னிடமும் சொன்னாள்.

பண்ணாடி ஜாமீனில் வந்துவிட்டார். கேஸ் நடக்கிறது. அண்ணி இடது கையால் கறக்கப் பழகிக்கொண்டு வேறொரு தோட்டத்தில் அரை நாள் வேலைக்குப் போகிறாள். வேறு இடம் என்றாலும் வேலி அதே வேலிதான். ஆனால் முதல் நாளே கேட்டுக்கு நேராகப் போய் நின்று, "இப்படி வாரதா இருந்தா வாரனுங்க" என்று சொல்லியிருக்கிறாள். கறவைக்கு ஆள் கிடைக்காத காலம். உள்ளே விட்டுவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஊரில் இருந்தபோது தெய்வாத்தாளிடமிருந்து போன் வந்தது. அண்ணி ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மணி, நல்லாருக்கியா?" இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து 'புள்ள'யைத் தவிர வேறு வந்ததில்லை.

"இருக்கறனுங்கம்மா."

"கெடேரி யாரையும் கிட்டச் சேக்க மாட்டேங்குது. மடி கட்டிக் கல்லாட்டம் கெடக்குது. உன்னையத்தான் தேடுது. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வந்துரு கண்ணு."

கெடேரி என்றதும் அண்ணியின் முகம் மாறிவிட்டது. அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள். போய்விடுவாளோ?

"வாரனுங்க" என்றாள். "எந்த வழியா வரட்டுங்க?"

அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்டது. ஒரு கிழவி எவ்வளவு நேரம் யோசிக்க முடியுமோ அவ்வளவு நேரம் யோசித்தார்.

"பயப்படாத அம்மணி" என்றார் கடைசியில், நிஜமான அன்போடு. "பொடக்காளில கம்பியெல்லாம் கழட்டியாச்சு. ஒரு துண்டு இல்ல. தாராளமா வரலாம்."

அண்ணி போனை அணைத்தாள். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு வெங்காயத்துக்குக்கூட வரவில்லை.

"கேட்டியா புவனா?" என்றாள். "கம்பியத்தான் கழட்டியிருக்காங்களாம்."